மிச்சமான நிமிடம்

‘ஆள் சரியில்லை.’ மில்லில் நான் அதிகம் கேட்டது இதைத்தான். நூல் அடிக்கடி அறுந்தால் ஆள் சரியில்லை. உற்பத்தி இறங்கினால் ஆள் சரியில்லை. மேனேஜர் மேஸ்திரியைச் சொல்வார், மேஸ்திரி மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சைடரைச் சொல்வார், சைடர் டாஃபர் பிள்ளைகளைச் சொல்வார். டாஃபர் பிள்ளைகளுக்குக் கீழே ஆள் கிடையாது என்பதால் அவர்கள் யாரையும் சொல்வதில்லை.

எங்கள் ஆனையூர் அப்போது மதுரை மாநகராட்சிக்குள் வரவில்லை. 2011இல்தான் சேர்த்தார்கள். கண்மாயும் வயலுமாகக் கிடந்த ஊர், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் வந்த பிறகு மெல்ல நகரத்துச் சாயல் பிடித்துக்கொண்டிருந்தது. கூடல்நகர்ப் பக்கம் ரயில் பாதையைத் தாண்டி, தூக்குவாளியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவிலேயே நிறையப் பேர். மதுரைக்காரர்களுக்கு மில் புதிதல்ல. ஹார்வி மில்லும் மீனாட்சி மில்லும் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட ஊர் இது. நான் சூப்பர்வைசராக இருந்தது அவ்வளவு பெயர் பெற்ற ஆலையில் இல்லை. ஊருக்கு வெளியே, நடுத்தரமானது.

எனக்கு ஸ்பின்னிங் பிரிவு. அங்கே உயிர் ரிங் ஃப்ரேம் மெஷின். எங்களிடம் இருந்தவை பழையவை, ஒவ்வொன்றிலும் 440 ஸ்பிண்டில். ஸ்பிண்டிலுக்கு ஒரு பாபின். நூல் சுற்றிச் சுற்றி நிறைந்துவிட்டால் அதற்குப் பெயர் காப். ஒரு மெஷினில் எல்லாக் காப்பும் ஒரே நேரத்தில் நிறையும். அப்போது மெஷினை நிறுத்தி, நிறைந்ததைப் பிடுங்கி, காலி பாபினைச் செருகி மறுபடி ஓட்ட வேண்டும். இதுதான் டாஃபிங். பிள்ளைகள் கூட்டமாக வந்து இரண்டு பக்கமும் பாய்வார்கள். கை பழகியவள் என்றால் பார்த்துக்கொண்டே நிற்கலாம்: ஒரு கை பிடுங்கிப் பெட்டியில் போடும்போதே இன்னொரு கை காலியைச் செருகி முடித்திருக்கும்; கண் அடுத்த ஸ்பிண்டிலில் இருக்கும். பறந்துகொண்டிருக்கும் பஞ்சு தலைமுடியிலும் இமையிலும் ஒட்டிக்கொள்ளும். ஷிப்ட் முடியும்போது எல்லோருக்கும் நரைத்திருக்கும்.

டாஃபிங்குக்காக மெஷின் நிற்கும் நேரம்தான் மேலிடத்துக்குக் கண்ணை உறுத்தும். ‘கை வேகம் பத்தாது, நல்ல பிள்ளைகளா எடுங்க’ என்பார்கள். சேடப்பட்டி, பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கம் வேன் போகும். புதிதாகப் பிள்ளைகள் வருவார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் சரியில்லாத ஆட்களாகிவிடுவார்கள்.

இந்த நிலையில்தான், தொண்ணூறுகளின் நடுவில், என் அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றியது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் முகாம் போட்டிருந்தார்கள். பார்த்தார்கள், ஆபரேசன் வேண்டும் என்றார்கள், அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி அண்ணாநகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நான் சைக்கிளில் போனேன். பாயில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை, வீட்டிலும் பாய்தானே. மறுநாள் ஆபரேசன். பிறகு அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது கண் தெரிந்ததைப் பற்றி இல்லை. ‘உள்ள போயி என்னையப் படுக்க வச்சாங்கெ. பக்கத்து மேசையில இன்னொருத்தி. டாக்டரு அவளுக்குச் செஞ்சுட்டு அப்பிடியே திரும்புனாரு, எனக்குச் செஞ்சாரு, மறுபடி அங்கிட்டுத் திரும்புனாரு. அந்த மனுசன் எந்திரிக்கவே இல்லடா.’

எனக்கு அப்போது இது வேடிக்கையாகத்தான் இருந்தது. விஷயம் புரிந்தது என் மைத்துனர் மகளால். பேரையூர்ப் பக்கத்துக் கிராமம். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளை அந்த ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு எடுத்தார்கள். நேர்காணலுக்கு அப்பா அம்மாவையும் வரச் சொன்னதில் மைத்துனருக்கு ஒரே ஆச்சரியம்: ‘மார்க்க விட்டுட்டு வீட்டப் பத்திக் கேக்குறாங்கெ மாப்பிள்ளை, காடு கரை எவ்வளவு, வீட்டு வேலைக்கு வணங்குவாளான்னு.’ இரண்டு வருடம் பயிற்சி, விடுதியில் தங்கல். லீவு கிடைத்தால் ஊருக்குப் போக நேரமில்லாமல் ஆனையூருக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்து குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தபடியே பேச்சைத் தொடங்குவாள். ஆபரேசன் தியேட்டர் கதைதான் முக்கால்வாசி.

ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. நடுவில் மைக்ராஸ்கோப், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் ஆளைப் படுக்க வைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, கருவித் தட்டைத் திறந்து தயாராக வைத்துவிடுவார்கள். மரத்துப்போகும் ஊசியை அதற்கு முன்பே போட்டு முடித்திருப்பார்கள். டாக்டர் செய்வது டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை. மற்ற எல்லாம் சிஸ்டர்கள். ‘டாக்டர் கைய நீட்டுனா கருவி இருக்கணும் மாமா. கேட்டு வாங்குனா எங்களுக்கு அசிங்கம்’ என்றாள். பதினெட்டு வயதில் இதைச் சொன்னாள். அதே வயதில், அதே பேரையூர்ப் பக்கத்துப் பிள்ளைகள்தான் என் பிரிவில் ‘ஆள் சரியில்லை’ப் பட்டியலில் இருந்தவர்கள். அவள் கூடப் படித்த ஒருத்தியே எங்கள் மில்லில் டாஃபராக இருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியின் கதை மதுரையில் பலருக்கும் தெரியும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துக்காரர், 1918இல் பிறந்தவர். ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தபோது முடக்குவாதம் தாக்கி, 1948இல் வெளியே வந்தார். பிரசவம் பார்க்கும் டாக்டராக ஆசைப்பட்டவருக்கு விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களை வைத்துக்கொண்டே கண் அறுவைக்குப் பழகினார்; வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் செய்ததாகக் கணக்கு. மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவுக்குத் தலைவராக இருந்து, 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் அண்ணாநகரில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். கூட நின்றது குடும்பம்: தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன். காசு கொடுக்கிறவர்களிடம் வாங்கி, முடியாதவர்களுக்கு இலவசம் என்பதுதான் முதல் நாளிலிருந்து ஏற்பாடு. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்துவிட்டு, சாதாரணப் பிள்ளைகளைப் பழக்கி எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் பண்டம் கொடுக்க முடிகிறதென்றால் பார்வையை ஏன் கொடுக்க முடியாது என்று அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி அந்த ஆஸ்பத்திரியையே பாடமாக வைத்தது.

நாட்டில் மற்ற இடங்களில் ஒரு கண் டாக்டர் வருடத்துக்குச் சில நூறு அறுவை செய்தால் அங்கே சராசரி 2000 என்பார்கள். இந்த எண்ணிக்கையைச் சொன்னதும் எல்லோரும் டாக்டரின் கை வேகத்தைப் புகழ்வார்கள். மில்லில் இருந்தவனுக்கு அப்படித் தோன்றாது. கை வேகத்தால் இரண்டு மடங்கு கூட்டலாம். அதற்கு மேல் முடியாது. மீதி எல்லாம் காத்திருப்பை ஒழித்ததால் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த கண் லென்ஸ் விலைக்குக் கட்டுப்படியாகாமல் ஏழைகளுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான் என்று இருந்தபோது, 1992இல் ஆரோலேப் என்ற லென்ஸ் ஆலையைத் தொடங்கி மதுரையிலேயே லென்ஸ் செய்ததும் அதே புத்திதான். ஆயிரக்கணக்கில் இருந்தது நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு இறங்கியது.

மைத்துனர் மகள் பேச்சைக் கேட்ட பிறகு நான் மெஷினைப் பார்க்கும் விதம் மாறியது. பிள்ளைகளின் விரல்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மெஷின் நின்றதிலிருந்து முதல் காப்பைப் பிடுங்கும் வரை என்ன நடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். நடந்தது என்னவென்றால்: காலி பாபின் பெட்டி அந்தக் கோடியில் இருக்கும். அதைத் தள்ளிவரும் டிராலிக்கு ஒரு சக்கரம் சுற்றாது. வந்த பெட்டியில் பாதி பாபின்களில் பழைய நூல் ஒட்டியிருக்கும், அதைப் பிய்த்தெடுக்க வேண்டும். இரண்டு மெஷின் ஒன்றாக நிறைந்துவிட்டால் எதற்கு முதலில் போவது என்று மேஸ்திரி வந்து சொல்லும் வரை நிற்பார்கள். அவர் கேண்டீனில் இருப்பார். பிடுங்கிச் செருகும் நேரம் கொஞ்சம்தான்.

ஒரு தூணில் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டேன். மெஷின் நின்றால் எது, எதற்காக என்று எழுத வேண்டும். யாருடைய பெயரையும் எழுதக் கூடாது. முதலில் யாரும் தொடவில்லை. அப்புறம் ‘டாஃபிங் லேட்’ என்றே வரிசையாக எழுதினார்கள். ஏன் லேட் என்று எழுதச் சொன்னேன். மெல்ல உண்மை வர ஆரம்பித்தது: பாபின் இல்லை, டிராலி வரலை, பெட்டி நிறஞ்சு வைக்க இடமில்லை. ஒரு நாள் முழு நைட்டு முடிந்து பார்த்தால், உருண்டை உருண்டையான கையெழுத்தில்: ‘மேஸ்திரி திட்டுனத கேட்டுக்கிட்டு நின்னோம். 3 நிமிசம்.’ மேஸ்திரி அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனார். விடவில்லை. நல்ல மனிதர்தான் அவர், மறுநாளே மெஷின் ஓடும்போது திட்டுவது என்று முடிவு செய்துகொண்டார்.

இப்படிக் குறையை எழுதி வைப்பதைப் பற்றி ஒரு விஷயம் பல வருடங்கள் கழித்துப் படித்தேன். ஹார்வர்டைச் சேர்ந்த ஆமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் தொண்ணூறுகளில் அமெரிக்க ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் தவறு அதிகம் பதிவாகியிருந்தது. குழம்பிப்போய் ஆராய்ந்தபோது தெரிந்தது, அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, அதிகம் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் தலைமை நர்ஸுக்குப் பயந்து மூடி வைத்தார்கள். அரவிந்தில் ஒவ்வொரு டாக்டரின் அறுவையிலும் வந்த சிக்கல்களைப் பதிவு செய்து, உட்கார்ந்து பேசுவார்கள். எங்கள் நாற்பது பக்க நோட்டுக்கு அவ்வளவு கௌரவம் கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் நோட்டில் குறை அதிகமாக எழுதப்பட்ட மாதங்களில்தான் மெஷின் குறைவாக நின்றது.

செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலை. காப் நிறைவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்பே சுத்தம் செய்த காலி பாபின் மெஷின் தலைமாட்டில் வந்து நிற்கும்; அதற்கென்று ஒருத்தி, அவளுக்கு வேறு வேலை கிடையாது. டிராலிச் சக்கரத்தை ஒர்க் ஷாப்பில் சொல்லி மாற்றியாயிற்று. எந்த மெஷின் முதலில் என்பதை டாஃபர் குழுவில் மூத்தவளே தீர்மானிப்பாள், மேஸ்திரியைத் தேட வேண்டாம். கடைசியாகச் சொன்னது லேசாகத் தெரிந்தாலும் இதற்குத்தான் ஆபீஸில் பெரிய எதிர்ப்பு. ‘டாஃபர் பிள்ளை கையில அதிகாரத்தக் குடுக்குறதா?’ அதிகாரம் என்ன அதிகாரம், ஏழாம் நம்பரா எட்டாம் நம்பரா என்பது ஒரு அதிகாரமா. ஆனால் அந்தப் பெண் நடந்த நடையே மாறிவிட்டது உண்மை. கொண்டை ஊசியைச் செருகியபடி, நூலாக வேண்டிய ரோவிங் எவ்வளவு பாக்கி என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, பிரிவை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். மெஷின் நிற்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாக இறங்கியது. அதே பிள்ளைகள்தான்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் நான் மேடை ஏறி மேலாண்மை வகுப்பு எடுத்திருப்பேன். முடியவில்லை. புதிதாக வந்த உற்பத்தி அதிகாரி கணக்கைப் பார்த்தார். நேரம் மிச்சமாகிறதென்றால் ஆள் அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம் என்றார். ஷிப்டுக்கு இரண்டு பிள்ளைகளைக் குறைத்தார். மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த வெகுமதி அது. குறைக்கப்பட்டவர்களில் பாபின் தயார் செய்தவளும் ஒருத்தி, ‘சும்மாதானே நிக்கிறா’ என்பது காரணம். தியேட்டரில் அடுத்த மேசையைத் தயார் செய்கிற சிஸ்டரைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்! எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். நோட்டில் எழுதுவது நின்றுபோனது. மூத்தவள் என்னிடம் கோபப்படவில்லை, அதுதான் சங்கடம். ‘இனிமே மெதுவாவே பண்ணிக்கிறோம் சார்’ என்றாள், ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதைப் போல.

இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் படுவது இதுதான். தலைமையைப் பற்றி என்னென்னவோ சொல்கிறார்கள்: ஊக்கப்படுத்த வேண்டும், பாராட்ட வேண்டும், டூர் கூட்டிப் போக வேண்டும். வேலை செய்கிறவர்கள் பார்ப்பது வேறு. நாம் ஓடியாடி மிச்சப்படுத்திய நிமிடம் எங்கே போகிறது? அந்த ஆஸ்பத்திரியில் அது அடுத்த பாயில் படுத்திருக்கும் கிழவிக்குப் போனது. அந்தக் கிழவி பல சமயம் அந்தப் பிள்ளையின் ஊர்ப் பக்கத்திலிருந்தே வந்தவள். எங்கள் மில்லில் அது கணக்குப் புத்தகத்துக்குள் போய், இரண்டு பிள்ளைகளின் வேலையாக வெளியே வந்தது. ஒரு தடவை இப்படி நடந்துவிட்டால் அந்தப் பிரிவில் அதற்குப் பிறகு யார் வந்தாலும், எந்தத் திட்டம் கொண்டுவந்தாலும், பிள்ளைகள் தலையாட்டிவிட்டு மெதுவாகவே செய்வார்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, பாடம் படித்துக்கொண்ட புத்திசாலித்தனம்.

தொழிற்சங்கத்தில் இருந்த நண்பரிடம் இந்த ஒப்பீட்டைச் சொன்னபோது அவர் மசியவில்லை. ‘எல்லாம் சரி, அந்தப் பிள்ளைகளுக்கு என்ன சம்பளம்? ஊருலேர்ந்து வர்ற பொட்டப்பிள்ள, வாயில்லாப் பூச்சி, அதனாலதானே ரெண்டு இடத்துலயும் எடுக்குறாங்கெ?’ நியாயமான கேள்வி. எங்கள் தொழிலில் அந்தக் காலத்தில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று பரவிக்கொண்டிருந்தது: மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம். நடுவில் போனால் பணம் கிடைக்காது. கிராமத்துப் பெண்ணின் கல்யாணச் செலவை அவள் காலில் கட்டிய ஏற்பாடு அது. வெகு காலம் கழித்துத்தான் கண்டனம் வலுத்தது.

நண்பரின் கேள்வியை மைத்துனர் மகளிடமே கேட்டேன். ‘அள்ளியெல்லாம் குடுக்கல மாமா’ என்றாள் யோசிக்காமல். ‘ஆனா தொழிலு கையில இருக்கு. ரெண்டு வருசம் சொல்லிக் குடுத்துருக்காங்க. நாளைக்கி வேற ஊருக்குப் போனாலும் கண்ணு டெஸ்ட் பண்ணத் தெரியும், தியேட்டர்ல நிக்கத் தெரியும். உங்க மில்லுல மூணு வருசம் பாபின் புடுங்குனா வேற என்ன தெரியும்?’ பிறகு, சட்டியில் மிச்சமிருந்த கருவாட்டைத் தட்டில் போட்டபடி, ‘கட்டுப் பிரிச்சதும் ஒரு பாட்டி என் மூக்குத்தியத் தொட்டுப் பாத்துச்சு’ என்றாள்.

அந்த மூக்குத்தியைச் சம்பளத்துக்குப் பதிலாகக் கணக்கில் எழுதக் கூடாது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். சேவை என்ற சொல்லைச் சொல்லிக் கூலியைக் குறைப்பது நம் நாட்டில் பள்ளிக்கூடம் முதல் ஆசிரமம் வரை நடக்கிற வேலை. ஆனால் தொழில் கற்றுக்கொடுப்பதும் கொடுக்காமலிருப்பதும் பெரிய வித்தியாசம். நண்பர் இதை முழுதாக ஏற்கவில்லை. பாதி ஏற்றுக்கொண்டதாக எனக்கு ஒரு எண்ணம்.

வெங்கடசாமியை ஒரே ஒரு தடவை, தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அம்மாவை மறுபரிசோதனைக்குக் கூட்டிப் போன காலை. வெள்ளை உடையில் வராந்தாவில் நடந்து போனார், மெதுவாக. யாரும் எழுந்து விறைக்கவில்லை, யாரும் ஓடி ஒளியவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் மில்லில் டைரக்டர் வருகிறார் என்றால் முதல் நாளே தரை பளபளக்கும். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் ஃபோன் எல்லாப் பிரிவிலும் அடிக்கும். அவர் ஒருநாளும் சுற்றாத டிராலிச் சக்கரத்தைப் பார்த்ததில்லை. பார்க்க விட்டதில்லை. டி.வி.எஸ் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைத்த ஊர் என்று எங்கள் பெரியவர்கள் மதுரையைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். அந்தப் பஸ் நேரத்துக்கு வந்ததற்கு முதலாளி மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. ஷெட்டில் இரவு முழுக்கக் குனிந்திருந்த யாரோ ஒருவர் சொன்னதை முதலாளி காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

வெங்கடசாமி 2006இல் காலமானார். எங்கள் மில் அதற்கு முன்பே மூடிவிட்டது. காரணம் மின்சாரம், பஞ்சு விலை என்று பலதும் சொன்னார்கள், அதோடு, வழக்கம்போல, ஆள் சரியில்லை என்றும். மைத்துனர் மகள் கல்யாணமாகித் தேனிப் பக்கம் போனாள். அங்கே ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக் கொடுக்கிறாள், கடைக்காரர் அவளைக் கேட்காமல் ஒரு பிரேம்கூட வாங்குவதில்லை என்று அவள் அம்மா சொல்கிறார்.

எனக்கும் புரை வந்தது. ஆனையூரிலிருந்து பேத்தி ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டாள். இப்போது ஊசியில்லை, சொட்டு மருந்துதான். தங்க வேண்டாம், சாயங்காலம் வீடு. மேசையில் படுத்ததும் பழைய பழக்கத்தில், பக்கத்து மேசையை யார் தயார் செய்கிறார்கள், கருவித் தட்டு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்த ஒரு பிள்ளை என் நெற்றியைப் பிடித்து நேராக்கியது. எந்த ஊரும்மா என்றேன்.

‘சேடப்பட்டி தாத்தா. பேசாமப் படுங்க, உங்களுக்கு அடுத்து ஆள் இருக்கு.’